கச்சான் காற்றும் ஒரு போனும்: நம் கடற்கரையில் சூப்பர் ஹீரோ படம் எடுக்கிற வழி

எங்கள் முதல் சூப்பர் ஹீரோ குறும்படத்தை ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டு மொட்டைமாடியில், வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, தெருவையே கூப்பிட்டுக் காட்டினோம். கிளைமாக்ஸில் ஹீரோ ஒரு குத்து விடுகிறான், வில்லன் பத்தடி தள்ளிப் போய் விழுகிறான். ஒருத்தரும் கை தட்டவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த அப்பத்தா மட்டும் "அந்தப் பயலுக்குக் காய்ச்சலாப்பா, தொட்டதுக்கே விழுந்துட்டான்" என்றது. மொட்டைமாடியே சிரித்தது.

அப்பத்தா சொன்னது சரிதான். குத்து விழுந்தது, ஆனால் அதனால் எதுவும் ஆகவில்லை. மணல் கிளம்பவில்லை, பக்கத்தில் கிடந்த வலை அசையவில்லை, வேடிக்கை பார்த்தவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை, சத்தம் தலையணையைத் தட்டியது மாதிரி. ஹீரோவின் கையை எவ்வளவு கிட்டத்தில் காட்டினாலும் அது வெறும் கைதான். அந்தக் கை பட்டதும் சுற்றியிருக்கிற பொருள் என்ன பாடுபடுகிறது என்று காட்டினால்தான் அவனுக்குச் சக்தி இருக்கிறது என்று பார்க்கிறவர் நம்புவார். கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் போடத் தெரியாத எங்களுக்கு இது பெரிய நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் மணலுக்கும் காற்றுக்கும் தண்ணீருக்கும் நம் ஊரில் பஞ்சமே இல்லை.

இரண்டாவது படத்தில் ஹீரோவுக்கே கச்சான் என்று பேர் வைத்தோம். மேற்கேயிருந்து அடிக்கிற காற்றைத்தான் நம் பக்கம் கச்சான் என்பார்கள், அந்தக் காற்றை ஏவுகிறவன் நம் ஆள். (யாழ்ப்பாணத்தில் கச்சான் என்றால் நிலக்கடலை. படத்தை அங்கே சொந்தக்காரர்களுக்கு அனுப்பிய பிறகுதான் இது எங்களுக்குத் தெரிந்தது, இன்றைக்கு வரை கேலி ஓயவில்லை.)

பேரை விடுங்கள், காற்றைக் கணக்கில் வையுங்கள். தனுஷ்கோடி ரோட்டில் போகும்போது ஒரு பக்கம் ஆண் கடல், ஒரு பக்கம் பெண் கடல் என்பார்கள் இல்லையா, மன்னார் வளைகுடா ஆண், பாக் விரிகுடா பெண். வைகாசியில் கச்சான் பிடித்தால் ஆவணி வரை ஆண் கடல் சீறிக்கொண்டிருக்கும், பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று வந்துவிட்டால் அப்படியே தலைகீழ். ஆக எந்த மாதம் போனாலும் ஒரு கரை கோபத்தில் இருக்கும், ஒரு கரை சமாதானத்தில் இருக்கும். சண்டையைக் கோபமான கரையில் எடுங்கள், பேசுகிற காட்சியை மற்றதில் எடுங்கள். அந்த ரோடு முடிகிற அரிச்சல்முனையை நெருங்க நெருங்க இரண்டுக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் தண்ணீரில் இறங்குகிற ஷாட் அங்கே வேண்டவே வேண்டாம், நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். சாயங்காலமானால் போலீஸ் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால் சூரிய அஸ்தமனத்தை நம்பிப் போகாமல் காலையிலேயே போய்விடுங்கள்.

போனை முதலில் அடக்குங்கள்

வேறெதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால் டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மின்னும், இந்தக் கணக்கில் எடுத்தால் அந்த மினுக்கல் படத்தில் தெரியாது. வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துவிடும், அதற்கு லென்ஸ் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கிற என்டி ஃபில்டர் ஒன்று வாங்குங்கள், இல்லாதவர்கள் காலை ஏழு மணிக்கு முன்னால் எடுங்கள். எக்ஸ்போஷரை, அதாவது போன் வாங்குகிற வெளிச்ச அளவை, பூட்டிவிடுங்கள். வெள்ளை மணலைப் பார்த்தவுடன் போன் பயந்துபோய் எல்லாவற்றையும் இருட்டாக்கும், ஹீரோ முகம் கரிச்சட்டி ஆகிவிடும். முகத்துக்கு வெளிச்சம் திருப்ப ரிஃப்ளெக்டர் வாங்கக் காசில்லை என்றால் மீன் பேக்கிங் தெர்மாகோல் பெட்டியின் மூடி போதும், அதைவிட மெத்தென்ற வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. மீன் நாற்றம் வரும், நடிக்கிறவன் முகத்தைச் சுளிப்பான், அதையும் கோபம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை லென்ஸைத் துடையுங்கள். உப்புக்காற்று கண்ணுக்குத் தெரியாமல் ஒரு படலம் போட்டுவிடும், வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லா ஷாட்டும் பால் ஊற்றிய மாதிரி இருக்கும்.

குத்து

ஒரே ஒரு குத்தை நாங்கள் எப்படி எடுத்தோம் என்று முழுசாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் இதை வைத்தே பிடித்துக்கொள்வீர்கள்.

கேமரா வில்லனின் முதுகுப் பக்கம், தோளுக்கு மேலே. ஹீரோவின் கை வில்லன் முகத்துக்கு ஒரு அடி முன்னாலேயே கடந்து போகிறது, இந்தக் கோணத்தில் அந்த இடைவெளி தெரியாது. பக்கவாட்டில் வைத்தீர்களோ, ஒரு அடியும் அப்பட்டமாகத் தெரியும், எங்கள் முதல் படத்தில் நடந்தது அதுதான். வில்லன் சட்டைக்கு உள்ளே நெஞ்சில் ஒரு கைப்பிடி முகப்பவுடரைத் தூவி வைத்தோம். நெஞ்சுக்குக் குத்து விழுகிற அடுத்த ஷாட்டில் ஹீரோ உள்ளங்கையால் லேசாக அந்த இடத்தைத் தட்டினாலே குபுக்கென்று புகை மாதிரி கிளம்பும். இந்த ஷாட்டுக்குக் கேமரா வில்லனுக்கு முன்பக்கம், சூரியன் அவனுக்குப் பின்னால் இருக்க வேண்டும், இது ரொம்ப முக்கியம். தூசி, தண்ணீர், புகை மூன்றுமே பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால்தான் பளிச்சிடும், முன்னாலிருந்து அடித்தால் இருப்பதே தெரியாது.

அப்புறம் தங்கூசி. வலைக்கடையில் கிடைக்கிற மெல்லிய தங்கூசி என்கிற நைலான் நரம்பு நாலடி தள்ளி நின்றால் போன் கேமராவுக்குத் தெரிவதே இல்லை. வில்லனுக்குப் பின்னால் கிடக்கிற பிளாஸ்டிக் டிரம்மில் ஒன்று, சாய்த்து வைத்த துடுப்பில் ஒன்று, காயப்போட்ட வலையின் நுனியில் ஒன்று என்று கட்டி, ஃபிரேமுக்கு வெளியே மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். குத்து விழுந்ததும் மூன்றையும் ஒரே நேரத்தில் இழுக்காதீர்கள். பக்கத்தில் இருக்கிற டிரம் முதலில், துடுப்பு அடுத்து, வலை கடைசியில். அந்தச் சின்னத் தாமதத்தில்தான் ஏதோ ஒரு அலை போய்ப் போய் மோதுகிற மாதிரி இருக்கும். ஆளைக் கட்டி இழுக்கிற வேலை மட்டும் வேண்டாம், தங்கூசி சதையை அறுத்துவிடும்.

எடிட்டிங்கில் கை படுகிற ஃபிரேமுக்கு முன்னால் இரண்டு ஃபிரேமை வெட்டி எறியுங்கள். கை பாதி வழியில் மறைந்து நெஞ்சில் முளைக்கும், கண்ணுக்கு அது வேகமாகத் தெரியும். அடுத்த மூன்று நான்கு ஃபிரேமுக்குப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். அதற்கு மேல் ஆட்டினால் பஸ்ஸில் போகிற மாதிரி இருக்கும். கடைசியாக, வேடிக்கை பார்த்தவர்களின் முகம். நாங்கள் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் "ஐயா, நான் கை தட்டும்போது திரும்பிப் பாருங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். அவர் நடிக்கவே இல்லை, ஊசியைக் கையில் வைத்தபடி சும்மா நிமிர்ந்து பார்த்தார். மொத்தப் படத்திலும் அதுதான் நல்ல ஷாட்.

குதித்து இறங்குவது, பறப்பது

வானத்திலிருந்து வந்து ஒரு முழங்காலை ஊன்றி இறங்குகிற ஷாட் இல்லாமல் உங்களால் இருக்க முடியாது என்று தெரியும். இரண்டரை மூன்று அடி உயர ஐஸ் பெட்டி போதும். மூன்று அடியிலிருந்து தரைக்கு வர அரை நொடிகூட ஆகாது, ஆனால் நொடிக்கு 120 ஃபிரேமில் எடுத்து 25-இல் ஓட்டினால் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு நீளும், இரண்டு நொடி கிடைக்கும். போனை ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து மணலோடு மணலாகத் தாழ்த்துங்கள், ஐஸ் பெட்டி ஃபிரேமில் தெரியக் கூடாது, கால் மேலிருந்து உள்ளே வர வேண்டும். எங்கிருந்து குதித்தான் என்று பார்க்கிறவருக்குத் தெரியாத வரைக்கும் அது வானம்தான். இறங்குகிற இடத்தில் காய்ந்த மணலைச் சலித்துக் குவித்து வையுங்கள், ஈர மணல் எழும்பாது. அதோடு ஒரு டீ கிளாஸ் ஷாட் சேருங்கள். பலகையில் கிளாஸை வைத்து அடியில் ஒரு தட்டுத் தட்டினால் டீயில் வளையம் ஓடும். ஹீரோ தரையில் இறங்கிய ஷாட்டுக்கு அடுத்து அதைப் போட்டால், ஆள் எடை நூறு டன் என்று தோன்றும்.

120 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டரை 1/240 பக்கம் வையுங்கள். போன் சூடாகும், சித்திரை வெயிலில் பத்து நிமிஷத்தில் அணைந்தே போகும். எங்கள் மச்சான் ஒருவன் அதை மீன் ஐஸ் பெட்டிக்குள் வைத்துக் குளிரவைக்கிற யோசனை சொன்னான். வெளியே எடுத்ததும் லென்ஸுக்குள் பனி பூத்து அன்றைய காலை முழுக்க வீண். நிழலில் வைத்து ஓலை விசிறியால் விசிறுங்கள், அது போதும்.

பறப்பதற்கு ஒரு உயரமான ஸ்டூல், அதன் மேல் குறுகலான பலகை, அதில் ஹீரோ குப்புறப் படுக்கிறான். கேமரா தரையிலிருந்து மேலே பார்க்கிறது, பலகையை உடம்பு மறைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வெறும் வானம். நம் கடற்கரை தட்டையாக இருப்பதில் இது ஒரு லாபம், கட்டடமோ மரமோ குறுக்கே வராது. பச்சைத் துணி கட்டி எடுக்கலாமே என்பீர்கள். கச்சானில் பச்சைத் துணி கட்டிப் பாருங்கள், பாய்மரம் மாதிரி ஆளையும் சேர்த்துக் கொண்டுபோகும், சுருக்கமும் நிழலும் விழுந்து கம்ப்யூட்டரில் பிரிக்கவும் வராது. மேகமில்லாத நாளில் நீல வானமே ஒரு நீலத்திரை, சிவப்பும் மஞ்சளும் உடுத்திய ஹீரோவை அதிலிருந்து எளிதாக வெட்டி எடுக்கலாம். டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே இதைச் செய்யலாம். நீலச் சட்டை மட்டும் கூடாது.

ஆள் அசையாமலே நம்மை நோக்கிப் பறந்து வருகிற மாதிரி காட்டுவதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. 1978-இல் வந்த சூப்பர்மேன் படத்துக்காக ஜோரன் பெரிசிச் என்பவர் கேமராவிலும் பின்னணியைக் காட்டுகிற புரொஜெக்டரிலும் ஒரே சமயத்தில் இயங்குகிற ஜூம் லென்ஸ்களைப் பொருத்தினார். இரண்டும் சேர்ந்து ஜூம் ஆகும்போது பின்னணியின் அளவு மாறாது, நடிகர் மட்டும் பெரிதாகிக்கொண்டே வருவார். நடிகர் தொங்குகிற இடத்தை விட்டு நகரவே இல்லை. நமக்கு அந்த எந்திரம் வேண்டாம், வெட்டி எடுத்த ஹீரோவைப் பின்னணி மேல் வைத்து அவனை மட்டும் மெல்லப் பெரிதாக்கினால் அதே கணக்குதான்.

முதுகுத்துணி பற்றி ஒன்று. சாட்டின் துணி காற்றில் சுருண்டு ஹீரோ கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். அதன் கீழ் ஓரத்தில், வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டில் சின்னதாகப் பார்த்து அரை அடிக்கு ஒன்று வைத்துத் தையுங்கள். அதற்குப் பிறகு அது படபடக்காமல் அலை மாதிரி எழுந்து இறங்கும். ஈயத்தை யார் முகத்திலும் அடிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

பெரிய விஷயங்களைச் சின்னதாக எடுப்பது

ஹீரோ ஒரு விசைப்படகைக் கவிழ்க்க வேண்டும் என்று எழுதிவிட்டோம். எந்தச் சம்மாட்டி (படகு முதலாளி) தருவார்? ஒரு படகு தச்சர் மீந்த ஒட்டுப்பலகையில் 20 அங்குலப் படகு ஒன்று செய்து தந்தார். சின்ன மாடலைப் பெரியதாகக் காட்ட மெதுவாக ஓட்ட வேண்டும், எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அளவு எத்தனை மடங்கு குறைந்ததோ அதன் வர்க்கமூலம். 40 அடிப் படகு 480 அங்குலம், மாடல் 20 அங்குலம், 24 மடங்கு. 24-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 4.9. 25 ஃபிரேமை அதால் பெருக்கினால் 122. போனில் 120 இருக்கிறது, பொருந்திவிட்டது! தண்ணீர்தான் காட்டிக்கொடுக்கும், துளிகள் மாடலுக்கு ஏற்றபடி சின்னதாக ஆகாது. அதனால் கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தி, பின்னாலிருந்து வெயில் விழ, ஷாட்டை ஒன்றரை நொடிக்கு மேல் வைக்காதீர்கள்.

பாம்பன் பாலம் இருக்கும்போது அதை விடுவார்களா? 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி ஒன்று கப்பல் போவதற்காகச் செங்குத்தாக மேலே ஏறும். கப்பல் கடக்கிற நாளை மீனவர்களிடம் கேட்டு வைத்துக்கொண்டு, கரையில் ஸ்டாண்டை ஊன்றி, போனைத் துளியும் அசைக்காமல் பாலம் ஏறுவதை முழுக்க எடுங்கள். அது பொறுமையாகத்தான் ஏறும். பிறகு ஸ்டாண்டைத் தொடாமலே ஹீரோவை கேமராவுக்குப் பத்து மீட்டர் முன்னால் நிறுத்தி, இரண்டு கையையும் நடுங்க நடுங்க மேலே தூக்கச் சொல்லித் தனியாக எடுங்கள். வீட்டில் பாலம் ஏறுகிற ஷாட்டை வேகப்படுத்தி, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவில் ஒரு கோடு போட்டு வெட்டி ஒட்டினால் அவனே பாலத்தைத் தூக்கிவிட்டான். போனின் சின்ன சென்சாரில் பக்கமும் தூரமும் ஒரே கூர்மையில் விழும் என்பது இங்கே நமக்குச் சாதகம். நாங்கள் வேகப்படுத்தியபோது பின்னால் மேகமும் பறந்தது, தண்ணீரும் கொதித்தது. அதையும் அவன் சக்திக் கணக்கிலேயே எழுதிவிட்டோம்.

இதெல்லாம் கரையில் நின்றபடிதான். ரயில் பாலத்தில் ஏறாதீர்கள், ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்திப் போக்குவரத்தை மறிக்காதீர்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கு வனத்துறை அனுமதியில்லாமல் போக முடியாது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருப்பதால் ட்ரோனைத் தொடுவதற்கு முன், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டுகிற டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலில் மிஞ்சிய தனுஷ்கோடி சர்ச் சுவரை வில்லனின் கோட்டையாகக் காட்டுவது பலருக்கு ஆசை. பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தச் சுவர் ஆள் ஏறினால் தாங்காது என்பது ஒரு பக்கம், ஒரு ஊரே போன இடம் என்பது இன்னொரு பக்கம், எனக்கு மனசு வரவில்லை. வேற்றுக்கிரகம் மாதிரி இடம் வேண்டுமென்றால் வாலிநோக்கம் உப்பளத்தில் கேட்டுப் பாருங்கள், உப்புக் குவியலுக்கு நடுவில் நண்பகல் வெயிலில் நின்றால் நிலாவில் நிற்கிற மாதிரிதான் இருக்கும்.

கண்ணிலிருந்தோ கையிலிருந்தோ ஒளி வருவதாக இருந்தால் எடிட்டிங்கில் வரைவதற்கு முன்னாலேயே, எடுக்கும்போதே, அந்த நிறத்தில் ஒரு நிஜ வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். எல்இடி டார்ச்சில் நீலக் கண்ணாடிப் பேப்பரை ஒட்டி உள்ளங்கைக்குள் மறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முகத்தில் வெளிச்சம் மாறாமல் கையில் மட்டும் ஒளி வரைந்தால் ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரி இருக்கும். இரவுக் காட்சியைப் பகலில் எடுப்பவர்கள் வெள்ளைச் சமநிலையை 3200 கெல்வினுக்கு வைத்து, இரண்டு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்) இருட்டாக்கி, வானத்தை ஃபிரேமிலிருந்து தள்ளிவிடுங்கள். சூரியன் பின்னால் இருந்தால் நிலா ஆகிவிடும்.

சத்தம்

பாதிப் பேர் இங்கேதான் படத்தைத் தொலைக்கிறார்கள், நாங்களும் தொலைத்தோம். முதல் படத்தில் கரையில் பேசிய வசனம் ஒன்றுகூடத் தேறவில்லை, எல்லாம் புஸ்ஸ் என்று காற்று. மைக்குக்குப் பஞ்சு உறை மட்டும் போட்டால் கச்சானுக்குப் போதாது, அதற்கு மேல் பொம்மை தைக்கிற ரோமத்துணியில் ஒரு பை தைத்து மாட்டுங்கள். காலர் மைக் என்றால் சட்டைக்கு உள்பக்கம், தோலில் படாமல். ஆடாசிட்டி என்கிற ஒலி எடிட்டிங் மென்பொருளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டினால் மீதி உறுமலும் கொஞ்சம் போகும். ஆனால் நேராகச் சொன்னால் டப்பிங்தான் வழி. அதற்கு என் யோசனை: ஹீரோ முகமூடி வாயை மூடட்டும். உதடு தெரியாவிட்டால் வசனத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், வேறு குரலே போடலாம், குதிக்கிற ஷாட்டுக்கு வேறு ஆளையும் நிறுத்தலாம். டப்பிங் அறைக்கு வலை அடுக்கி வைத்திருக்கிற கொட்டகையைப் பிடித்தோம். கூரை வரை குவிந்த வலை எதிரொலியைக் குடித்துவிடுகிறது, மேலே இரண்டு போர்வை தொங்கவிட்டால் போதும்.

குத்துச் சத்தத்தை ஒரே பொருளில் தேடாதீர்கள். மூன்று அடுக்கு வேண்டும். அடியில் கனம்: ஈர மணல் நிரப்பிய சாக்கைத் துடுப்பால் ஓங்கி அடித்தது. நடுவில் முறிவு: காய்ந்த பனை மட்டையை முழங்காலில் வைத்து ஒடித்தது. மேலே கூர்மை: நனைத்த கைலியைச் சிமெண்ட் திண்ணையில் ஓங்கி அடித்தது, துணி துவைக்கிற அதே அடி. மூன்றையும் ஒரே புள்ளியில் வைக்காமல் கூர்மை ஒரு ஃபிரேம் முன்னால், கனம் ஒரு ஃபிரேம் பின்னால் வரட்டும். முதுகுத்துணிக்குத் துணியையே பதிந்தால் ஒன்றும் கேட்காது, தார்ப்பாயின் இரண்டு மூலையைப் பிடித்து உதறுங்கள்.

சக்தி வருகிற சத்தத்துக்கு ராமேஸ்வரத்தில் சங்கு இல்லாத தெரு உண்டா? சங்கை நீளமாக ஊதிப் பதிந்து, வேகத்தைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி இறங்கும், கால்வாசியாக்கினால் இரண்டு. இரண்டு ஸ்தாயி இறங்கிய சங்கு கடலுக்கு அடியில் ஏதோ மிருகம் கத்துகிற மாதிரி இருக்கும், எங்கள் வில்லன் வரும்போதெல்லாம் அதுதான். வத்தை என்கிற சின்னப் படகின் டீசல் எஞ்சினை அதேபோல் கால்வாசி ஆக்கினால் ராட்சச இதயம் துடிக்கும்.

மின்னல் அடிப்பது, கதிர் பாய்வது மாதிரி சத்தத்துக்கு ஹாலிவுட் ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் ஒரு கோபுரத்தைத் தாங்குகிற இரும்புக் கம்பியைச் சுத்தியலால் தட்டினார், 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்துத் துப்பாக்கிகளின் சத்தம் அதிலிருந்து வந்தது. நீளக் கம்பியில் கூர்மையான சுருதி முதலில் ஓடி வந்துவிடும், கனமான சுருதி பின்னால் வரும், அதனால்தான் தட்டு 'பியூவ்' என்று வழுக்குகிறது. அதைக் கேட்டுவிட்டு ஈபி போஸ்டின் ஸ்டே கம்பியைத் தட்டப் போய்விடாதீர்கள், கரண்ட் இறங்கியிருந்தால் முடிந்தது கதை. கரையில் நிற்கிற விசைப்படகின் வின்ச் கம்பியை, சம்மாட்டியிடம் கேட்டுக்கொண்டு, நன்றாக இழுத்துக் கட்டி, காலர் மைக்கைக் கம்பியோடு டேப் போட்டு ஒட்டி, ஸ்பேனரால் தட்டினோம். பின்னாலிருந்து "என்னடா தம்பி, வின்ச்சு ரிப்பேரா?" என்று யாரோ கேட்டதும் அதில் பதிந்திருக்கிறது.

தூரத்தைச் சத்தத்தால் காட்டலாம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், 25 ஃபிரேம் கணக்கில் ஒரு ஃபிரேமுக்கு ஏறக்குறைய 14 மீட்டர். கடலில் 140 மீட்டர் தள்ளி ஒன்று வெடித்தால் சத்தத்தைப் பத்து ஃபிரேம் தள்ளி வையுங்கள், பார்க்கிறவர் காரணம் தெரியாமலே நம்புவார். கிட்டத்தில் நடக்கிற குத்துக்கு இதைச் செய்யாதீர்கள், மங்கிப்போகும்.

இரண்டு கரையிலும் வசனம் இல்லாமல் இரண்டிரண்டு நிமிஷம் கடல் சத்தத்தை மட்டும் பதிந்து வையுங்கள். காட்சி முழுக்க அது அடியில் ஓடினால் ஷாட் மாறுகிற இடத்தில் சத்தம் துண்டு துண்டாகக் கேட்காது. பெரிய குத்துக்கு முன்னால் பத்து ஃபிரேம் அந்தக் கடலையும் சேர்த்து எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கடல் நின்றுபோனால் நம் ஊர்க்காரன் எவனும் நிமிர்ந்து உட்காருவான்.

கடைசியில் கலவை. ஹெட்ஃபோனில் கேட்டு மயங்கிவிடாதீர்கள், பெரும்பாலானோர் போன் ஸ்பீக்கரில்தான் பார்ப்பார்கள், அதில் அடிக்கனம் வரவே வராது. கனமான சத்தத்தின் ஒரு பிரதியை எடுத்துக் கொஞ்சம் சிதைவு சேர்த்து, 200 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதை மட்டும் வைத்துக் கூடவே ஓட்டுங்கள், ஸ்பீக்கர் சின்னதாக இருந்தாலும் காது மீதியை இட்டு நிரப்பிக்கொள்ளும். யூடியூபுக்கு மொத்தச் சத்தத்தை மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (சத்தம் எவ்வளவு உரக்க இருக்கிறது என்று அளக்கிற அலகு) பக்கம் நிறுத்துங்கள், அதைவிட உரக்க ஏற்றினால் அவர்களே குறைத்துவிடுவார்கள். பிறகு இருப்பதிலேயே மோசமான போனில் போட்டு, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் நின்று, பாய்லர் சத்தத்துக்கு நடுவில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எங்களுக்குப் பனை மட்டை மட்டும் கேட்டது, சாக்கு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சாக்கை மூன்று டெசிபல் ஏற்றினோம்.